டிரம்மில் ஃபிலிம் கழுவினால் திட்டுத் திட்டாக வருகிறதா? கேள்வி பதில்

சேலம், ஏற்காடு பக்கம் வீட்டிலேயே கருப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுகிறவர்கள் கேட்டவை. டிரம் என்பது ஃபிலிமை ரீலில் சுற்றி உள்ளே வைத்து, மருந்து ஊற்றிப் படுக்கவைத்து உருட்டும், வெளிச்சம் புகாத டப்பா.

அழகாபுரத்திலிருந்து: அக்கா, நெகட்டிவில் ஒரு ஓரம் மட்டும் நீளவாக்கில் மெலிந்து (கருமை குறைந்து) வருகிறது. டெவலப்பர் மருந்து கெட்டுவிட்டதா?

கெட்டிருந்தால் ரோல் முழுக்க மெலிந்திருக்கும் தம்பி. டிரம்மைச் சுற்றும் மெஷின் மட்டமாக இருக்கிறதா பாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை மேஜை மேல் அல்ல, டிரம் மேலேயே வைத்துப் பாருங்கள். படுத்துச் சுற்றும் டிரம்மில் மருந்து அடியில் கொஞ்சம்தான் தேங்கி நிற்கும், டிரம் சற்றுச் சாய்ந்தாலும் உயர்ந்த பக்கத்து ஓரத்துக்கு அது சரியாக எட்டாது.

ஆத்தூரிலிருந்து: மெஷின் இல்லை, கையால்தான் உருட்டுகிறேன். வானத்தில் கோடு விழுகிறது.

ஒரே திசையில் உருட்டினால் மருந்து ஒரே தடத்தில் ஓடும். அந்தப் பக்கம் இரண்டு மூன்று முழுச் சுற்று, அப்புறம் இந்தப் பக்கம், திரும்பும் இடமும் மாறிக்கொண்டே இருக்கட்டும். அதைவிட முக்கியம் முதல் அரை நிமிடம். மருந்தைத் தயங்காமல் ஊற்றி உடனே உருட்டத் தொடங்குங்கள், ஏனென்றால் முதலில் நனைந்த இடம் முந்திக்கொண்டால் பிறகு எவ்வளவு உருட்டினாலும் அந்த வித்தியாசம் போகாது.

ஓமலூரிலிருந்து: மே மாதம் தொட்டித் தண்ணீரே சுடுகிறது. கழுவும் நேரத்தைக் குறைத்தால் போதுமா?

போதாது. இடைவிடாமல் சுற்றுவதாலேயே நேரத்தைச் சுமார் 15 சதவீதம் குறைக்கிறோம், அதற்கு மேல் சூட்டுக்காகவும் குறைத்து 5 நிமிடத்துக்குக் கீழே போனால் சீராக வருவது கஷ்டம். டி-76 டெவலப்பர் என்றால் சம அளவு தண்ணீருடன் (1:1) கலந்து நேரத்தை நீட்டுங்கள், பாட்டிலை ஐஸ் போட்ட வாளியில் வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள்.

ஏற்காட்டிலிருந்து: முதலில் வெறும் தண்ணீரில் நனைக்கலாமா மேடம்?

டிரம் செய்யும் ஜோபோ கம்பெனி 5 நிமிடம் நனைக்கச் சொல்கிறது, ஃபிலிம் செய்யும் இல்ஃபோர்ட் வேண்டாம் என்கிறது. நான் நனைப்பேன். உங்கள் ஊர்க் குளிரில் டிரம்மையும் ரீலையும் மருந்தின் சூட்டுக்குக் கொண்டுவரவே அது உதவும். ஆனால் ஒரு ரோலுக்கு நனைத்து அடுத்ததற்கு விட்டுவிடாதீர்கள், நேரக் கணக்கு குழம்பும்.

மேட்டூரிலிருந்து: ஜோபோ 1520 டிரம்முக்கு 240 மில்லி போதும் என்கிறார்கள். எக்ஸ்டால் டெவலப்பர் 1:1-ல் இரண்டு ரோல் போட்டால் மெலிந்து வருகிறது.

240 மில்லி ஃபிலிமை நனைக்கப் போதும், கழுவப் போதாது. எக்ஸ்டாலுக்கு ரோலுக்குக் குறைந்தது 100 மில்லி ஸ்டாக் (மேற்கொண்டு தண்ணீர் கலக்காத மருந்து) வேண்டும், உங்களிடம் இரண்டுக்கும் சேர்த்தே 120தான் இருக்கிறது. ஒரு ரோல் மட்டும் போடுங்கள், இல்லையென்றால் கலக்காத ஸ்டாக்கிலேயே கழுவுங்கள்.

அவரே: உள்ளே நுரையும் வருகிறது.

காயும்போது தண்ணீர்த் திட்டு விழாமலிருக்கக் கடைசியில் போடும் வெட்டிங் ஏஜென்ட் ரீலில் ஒட்டியிருக்கும். அதை டிரம்மில் ஊற்றாமல், ஃபிலிமை வெளியே எடுத்துத் தனிக் கிண்ணத்தில் முக்குங்கள். ரீலை வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து நன்றாகக் காய வையுங்கள்.