சுமை தூக்குபவருக்கும் தலை வலிக்கும்

அன்னபூர்ணா சுற்று: வாசகர் கேள்வி – பதில்

அக்டோபரில் நான்கு பேர் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்று என்ற மலை நடைப்பயணத்துக்குப் போகிறோம். ஏஜென்சி தந்த அட்டவணையில் மனாங்கில் ஒரே இரவு, மறுநாளே தொராங் பேடி. சரிதானா?
– வாசகர், கோயம்புத்தூர்

சரியில்லை. மனாங் 3,540 மீட்டர், பேடி ஏறக்குறைய 4,450. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்குச் சுமார் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. நீங்கள் 900 மீட்டர் உயர்த்துகிறீர்கள். மனாங்கில் இரண்டு இரவு, யாக் கர்க்காவில் (4,050) ஓர் இரவு, பேடியில் ஓர் இரவு. அதன் பிறகுதான் 5,416 மீட்டர் தொராங் லா கணவாய். ஓய்வு நாளில் படுத்துக் கிடக்காமல், ஊருக்கு எதிரே உள்ள மேட்டில் இருநூறு முந்நூறு மீட்டர் ஏறிவிட்டு இறங்கி வந்து தூங்குங்கள். சீசனில் ஹிமாலயன் ரெஸ்கியூ அசோசியேஷன் மனாங்கில் மருத்துவ முகாம் நடத்துகிறது. உயர நோய் பற்றி அங்கே மருத்துவர்கள் பேசுவதைத் தவறாமல் கேளுங்கள்.

இப்போது ஜீப் சாலை மனாங் வரை வந்துவிட்டது. 760 மீட்டரில் இருக்கும் பேசிசகரிலிருந்து ஒரே மூச்சில் ஜீப்பில் போய் இறங்குவது நோயை விலை கொடுத்து வாங்குவதுதான். உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைட் மாத்திரை வழக்கமாக 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறத் தொடங்கும் முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், பயப்பட வேண்டாம். ஆனால் மாத்திரை போட்டுவிட்டோம் என்று வேகமாக ஏறாதீர்கள்.

கணவாயில் வானிலையை எப்படிக் கணிப்பது?
– வாசகி, சென்னை

வங்காள விரிகுடாவைப் பாருங்கள். 2014 அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. இரண்டே நாளில் அதன் மிச்சம் அன்னபூர்ணா பகுதியில் பெரும்பனியாகக் கொட்டி, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆந்திர, ஒடிசாக் கரைக்குப் புயல் வருகிறது என்று தெரிந்தால் மனாங்கை விட்டு நகராதீர்கள். வானம் தெளிவாக இருந்தாலும் பேடியிலிருந்து விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். நேரம் ஆக ஆகக் கணவாயில் காற்று வலுக்கும்.

எங்கள் நால்வருக்கும் ஆளுக்கு 15 கிலோ பை. இரண்டு போர்ட்டர் போதும், அவர்கள் மலையிலேயே பிறந்தவர்கள் என்கிறார் ஏஜென்ட்.
– வாசகர், மதுரை

அவர் சொல்வது தலைக்கு 30 கிலோ. தலைக்கு என்றால் நிஜமாகவே தலைக்குத்தான். ‘நாம்லோ’ என்ற பட்டையை நெற்றியில் மாட்டி முழுச் சுமையையும் அதில் தொங்கவிடுகிறார்கள். கழுத்தும் முதுகும் தாங்க வேண்டும். அவருடைய சொந்த மூட்டை வேறு. உங்கள் பையைப் பத்துக் கிலோவாகக் குறையுங்கள். இரண்டு பேருக்கு ஒருவர், 20 கிலோ.

‘மலையில் பிறந்தவர்கள்’ என்ற பேச்சு உயிரைக் குடிக்கும். சுமை தூக்க வருபவர்களில் பெரும்பாலோர் தாழ்ந்த குன்றுகளின் விவசாயிகள். 5,000 மீட்டர் உங்களுக்கு எவ்வளவு புதிதோ, அவர்கள் உடம்புக்கும் அவ்வளவு புதிது. அதே தலைவலி, அதே வாந்தி. கூலி போய்விடுமே என்று வாய் திறக்க மாட்டார்கள். அதனால் தினமும் மாலையில் நீங்களே கேளுங்கள். தட்டில் சோறு மிஞ்சுகிறதா, பேச்சு குறைகிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால், ஒரு காலின் விரல் நுனியில் மறு காலின் குதிகாலை ஒட்டி வைத்து, நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் சேர்கிறது. இரண்டுக்குமே உடனே கீழே இறக்குவதுதான் வழி, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கணக்குத் தீர்த்துத் தனியே அனுப்பிவிடாதீர்கள். அப்படி அனுப்பப்பட்டவர்கள் வழியிலேயே இறந்திருக்கிறார்கள். அவர் மொழி தெரிந்த ஒருவர் துணையாகப் போக வேண்டும், வைத்தியச் செலவுக்குப் பணமும் வேண்டும்.

கிளம்பும் நாளன்று அவர்களுடைய பூட்ஸ், கையுறை, ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள். கண்ணாடி இல்லாமல் பனியில் ஒரு பகல் நடந்தால் இரவில் கண் திறக்க முடியாது. காப்பீட்டுத் தாளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இனாம் மொத்தக் கூலியில் 10 முதல் 15 சதவீதம் என்பது வழக்கம். அதை ஏஜென்ட் வழியாகக் கொடுக்காமல் போர்ட்டர் கையிலேயே கொடுங்கள்.

வழியில் பார்ப்பவர்களை எப்படிக் கூப்பிடுவது?
– வாசகி, தஞ்சாவூர்

மூத்த ஆண் ‘தாயி’. எழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், ‘தானம்’ என்பதில் வரும் ‘தா’ ஒலி அது. அண்ணன் என்று பொருள். தம்பி ‘பாயி’, அக்கா ‘தீதீ’, தங்கை ‘பஹினி’. எச்சில் பார்ப்பது நம்மைப் போலவே: பொதுத் தண்ணீர்க் குப்பியை வாய் வைத்துக் குடிக்காதீர்கள், கடித்ததை நீட்டாதீர்கள். மந்திரம் செதுக்கிய மணிச் சுவர் குறுக்கிட்டால் கோயிலைப் போல வலமாகச் சுற்றிப் போங்கள். கோவேறு கழுதைகள் வந்தால் மலைச் சரிவை ஒட்டி நில்லுங்கள். பள்ளத்தின் பக்கம் நின்றால் மூட்டை இடித்தே தள்ளிவிடும். தங்கும் விடுதியில்தான் சாப்பிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம், அறை வாடகை குறைவாக இருப்பதே அதனால்தான். ‘தால் பாத்’ கேளுங்கள். சோறும் பருப்பும் மறுபடி பரிமாறுவார்கள்.

68 வயது அம்மா விமானத்தில் ஜோம்சொம் வந்து, கணவாய்க்கு அப்பால் உள்ள முக்திநாத்தில் எங்களோடு சேர்ந்துகொள்ளலாமா?
– வாசகர், ஸ்ரீரங்கம்

இதயம், நுரையீரல் பற்றி மருத்துவர் சரி சொன்னால் வரலாம். ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் என்ற தலமாகப் பலர் வணங்கும் திவ்ய தேசம் அல்லவா. ஆனால் ஜோம்சொம் 2,720 மீட்டர், முக்திநாத் கிட்டத்தட்ட 3,760. வந்த அன்றே மேலே ஏற்றாமல், ஓர் இரவாவது ஜோம்சொமிலோ வழியில் உள்ள காக்பேனியிலோ தங்க வையுங்கள். தரிசனம் முடிந்ததும் கீழே இறங்கிவிட வேண்டும். பள்ளத்தாக்கில் முற்பகலிலேயே காற்று எழும்பிவிடுவதால் விமானம் காலையில் மட்டும்தான், ரத்தாவதும் சகஜம். இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து நேபாளம் போகும் விமானத்துக்கு உங்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும், ஆதாரை மட்டும் நம்பி வராதீர்கள்; 65 வயதைக் கடந்த அம்மாவுக்கு ஆதாரும் செல்லும். கோயிலின் 108 தாரைகளில் தண்ணீர் பனிக்கட்டிபோல் இருக்கும். அம்மா தலையில் தெளித்துக்கொண்டால் போதும். குளித்தே ஆக வேண்டும் என்றால், மாற்றுப் புடவையும் கம்பளியும் கையோடு இருக்கட்டும்.