சென்னைப் பல்கலைக்கழகத்தில் உலகம் மதிக்கும் ஆராய்ச்சி நடந்திருக்கிறதா?

வண்ணாரப்பேட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் தம்பி கேட்டிருக்கிறார், பட்டத்தில் இந்தப் பெயர்தானே வரப்போகிறது என்று.

நடந்திருக்கிறது தம்பி. முதலில் காசிமேட்டுக்குப் போய்ப் படகு கட்டும் கயிற்றைப் பாருங்கள். மூன்று புரி. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் முறுக்கியிருக்கும், மூன்றும் சேர்ந்து எதிர்ப்பக்கம் முறுக்கியிருக்கும். நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதமும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1954-ல் அதன் மூன்று புரி அமைப்பைச் சொன்னவர்கள் இங்கே இயற்பியல் துறையில் இருந்த ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இந்த ஆராய்ச்சியின் பக்கம் அவர்களைத் தூண்டிவிட்டவர் சென்னை வந்திருந்த இங்கிலாந்து விஞ்ஞானி பெர்னால். எக்ஸ்ரே எடுக்க ஆஸ்திரேலியாவிலிருந்து கொலாஜன் நிறைந்த கங்காரு வால் தசைநார் வந்தது! ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் போட்டோ எடுப்பதைவிட இதைத்தான் நான் பன்னாட்டுக் கூட்டுறவு என்பேன்.

1963-ல் வந்த ராமச்சந்திரன் வரைபடம் இன்னும் பெரிய விஷயம். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எங்கே அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று காட்டும். எந்த நாட்டில் புரத அமைப்பைக் கண்டுபிடித்தாலும் இன்றும் இதில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

ராமச்சந்திரன் ஆராய்ச்சியின் வழிவந்த படிகவியல், உயிர் இயற்பியல் துறை கிண்டி வளாகத்தில் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டி. அப்புறம் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவது உங்கள் பாடு.