படகின் மூக்கைப் பார்க்காதீர்கள், பின்னால் போய்க் குனியுங்கள்

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வார இறுதிகளில் குடும்பத்தோடு துறைமுகத்துக்கு எதிர்க்கரையிலிருக்கும் மாண்ட்வா போய்வர 24 அடி பழைய ஸ்பீட்போட் ஒன்றைப் பார்த்திருக்கிறோம். ரேஸ் போட் மாதிரி கூரான மூக்கு, சிவப்புக் கோடுகள். டீப்-வி, அதாவது 'V' எழுத்துபோல ஆழமாகக் கூர்ந்த அடிப்பாகம், அலையே தெரியாது என்கிறார் புரோக்கர். என் மனைவிக்கு முதுகுத்தண்டில் பிரச்சினை. வாங்கலாமா?"

பின்புறத்தை அளக்காமல் வாங்காதீர்கள். வேகம் எடுத்ததும் படகின் மூக்கு தண்ணீரைவிட்டு எழும்பிவிடும். படகு நிற்பது பின்பகுதியின் மேல்தான், அலையைத் தாண்டி விழும்போது முதலில் இறங்குவதும் பெரும்பாலும் அதன் மேல்தான். கூர்மூக்கு அநேகமாக எல்லா ஸ்பீட்போட்டிலும் இருக்கும். அடியிலுள்ள வி வடிவம் பின்பலகை வரை, அதாவது படகின் பின்பக்கச் சுவர் வரை தொடர்கிறதா, நடுவழியில் தட்டையாகிவிடுகிறதா என்பதுதான் விஷயம். 1960 மயாமி–நசாவு விசைப்படகுப் போட்டியில் கொந்தளித்த கடலில் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ரே ஹன்ட் வடிவமைத்த படகு ஜெயித்ததற்குக் காரணம், வி ஆழம் பின்னால்வரை குறையாமல் இருந்ததுதான்.

படகு டிராலியில் இருக்கும்போது பின்னால் போய்க் குனியுங்கள். போனில் லெவல் ஆப்பைத் திறந்து, பின்பலகையை ஒட்டிய அடிப்பகுதியில், நீளவாட்டில் ஓடும் வரம்புகளைத் தவிர்த்துச் சமமான இடத்தில் குறுக்காக வையுங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்து, கூட்டி இரண்டால் வகுத்தால் டிராலி சாய்ந்திருந்தாலும் கணக்குச் சரியாக வரும். 20 டிகிரிக்கு மேல் என்றால் புரோக்கர் சொன்னது உண்மை. 15க்குக் கீழே என்றால் உங்கள் மனைவியை அதில் ஏற்றாதீர்கள். ஆழமான வி பெட்ரோல் அதிகம் குடிக்கும், நிற்கும்போது ஆடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். அடியில் குறுக்காகப் படிபோல வெட்டு இருக்கிறதா பாருங்கள். அதன் வழியாகக் காற்று உள்ளே போய் உராய்வைக் குறைக்கும், வேகம் கூடும். புரோக்கர் இதைப் பெருமையாகக் காட்டுவார். ஆனால் முழு வேகத்தில் சட்டென்று திருப்பினால் பின்புறம் பிடி இழந்து படகு சுழன்றுவிடலாம். பழகிய கைக்கு அது சரி. கற்றுக்கொண்டிருக்கும் குடும்பஸ்தருக்கு வேண்டவே வேண்டாம்.

புரோக்கர்களின் பழைய வித்தை, காலை எட்டு மணிக்கு, துறைமுகம் கண்ணாடி மாதிரி கிடக்கும்போது இரண்டு பேரோடு சோதனை ஓட்டம் விடுவது. பிற்பகல் மூன்று மணிக்குக் கடல்காற்று எழும்பிய பிறகு, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரின் எடையோடு ஓட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அடியில் புதுப் பெயிண்ட் பளபளத்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பின்பலகையை மரச்சுத்தியால் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று கேட்கவேண்டும். 'தொப்' என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே மரம் ஊறிவிட்டது, இன்ஜினைத் தாங்காது.

பதிவுக் காகிதத்தை நம்பி இறங்காதீர்கள். நீளம், அகலம், இன்ஜின் எல்லாம் எழுதுவார்கள், முதுகெலும்பைக் காப்பாற்றும் கோணத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. கடலை ஒட்டியே வளர்ந்த இந்த நகரத்தில் சாமானியர் ஒரு படகைக் கரையேற்றி அடியைப் பார்ப்பதே பெரும்பாடு. படகுகளை நிறுத்த நல்ல மரினா வரும், வரும் என்று கேட்டுக் காது புளித்துவிட்டது.

மழைக்காலத்தில் பெரும்பாலான படகுகள் கரையேறிவிடும். அப்போது போய் அளந்துவிடுங்கள். மழை ஓய்ந்ததும் பிற்பகல் ஓட்டம். உங்கள் மனைவியைப் பின் இருக்கையில் உட்கார வையுங்கள், அங்கே தூக்கிப்போடுவது குறைவு. அவர் சரி என்று சொன்ன பிறகு முன்பணம் கொடுங்கள்.