ஜூலையில் கிராண்ட் கேன்யன்: ஆறுவரை இறங்க வேண்டாம்

ஜூலையில் 60 வயது அப்பாவுடன், அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் உள்ள பிரைட் ஏஞ்சல் நடைபாதையில் கொலராடோ ஆறுவரை இறங்கி, அன்றே ஏறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பாதை தொடங்கும் மேட்டில், அதாவது தெற்கு விளிம்பில், காற்று இதமாக இருக்கும். அதை நம்பி இறங்குபவர்கள்தான் மாட்டிக்கொண்டு, ரேஞ்சர்கள் (பூங்காக் காவலர்கள்) வந்து மீட்கும்படி ஆகிறது. கீழே நிழலிலேயே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். களைத்த கால்களோடு சுமார் 1,300 மீட்டர் ஏற வேண்டியது அதற்குப் பிறகு.

காலை 10 முதல் மாலை 4 வரை பள்ளத்தாக்குக்குள் நடக்காதீர்கள் என்று தேசியப் பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. விடியலில் கிளம்பி, ஒன்றரை மைல் தூரத்தில் உள்ள ஓய்விடம் வரை போய்த் திரும்புங்கள். காட்சிக்கு அதுவே தாராளம். பழைய குடிநீர்க் குழாய் அடிக்கடி உடைவதால், வழியில் தண்ணீர் கிடைக்குமா என்று அன்று காலையே விசாரியுங்கள். வெறும் தண்ணீராகவே குடித்தால் உடம்பில் உப்பு குறைந்துவிடும். அப்பாவின் பையில் உப்புக்கடலை இருக்கட்டும்.