காணி உறுதி பெட்டியிலேயே இருக்கட்டும், அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

மகளை வெளிநாட்டுக்கு மருத்துவம் படிக்க அனுப்புவது பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த நீங்கள், போன ஞாயிற்றுக்கிழமை என் மேசை மேல் இரண்டு காகிதங்களை வைத்தீர்கள். ஒன்று முகவர் கொடுத்த வழவழப்பான துண்டுப் பிரசுரம்: வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள், பின்னால் பனி, கீழே கொட்டை எழுத்தில் "ஆறு ஆண்டுகள், 60 இலட்சம் மட்டும்". மற்றது பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த உங்கள் பத்துப் பேர்ச் காணியின் உறுதிப் பத்திரம். "இதற்கு வங்கியில் எவ்வளவு தருவார்கள்?" என்று கேட்டீர்கள். பிள்ளை பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்ததால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன். வீட்டில் உங்கள் கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் அந்த 60 இலட்சம். நீங்கள் பூண்டுலோயா பஸ்ஸுக்குப் போன பிறகு கணக்குப் பார்த்தேன். பிரசுரத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆண்டுக் கட்டணம் 5,000 டொலர் என்று இருக்கிறது. ஆறு ஆண்டுக்கு 30,000 டொலர். அது 60 இலட்சம் ஆக வேண்டுமென்றால் டொலர் 200 ரூபாயாக இருக்க வேண்டும். அது 2022 மார்ச்சுக்கு முந்திய விலை! பழைய பிரசுரத்தையே இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அல்லது வேண்டுமென்றே அந்த எண்ணை விட்டுவைத்திருக்கிறார்கள். டொலரை 300 என்று வைத்தாலே படிப்புக் கட்டணம் மட்டும் 90 இலட்சம். விடுதி, சாப்பாடு, காப்புறுதி, விசா புதுப்பிக்கும் செலவு, குளிருக்கான உடுப்பு, எப்போதாவது வீடு வந்து போகும் டிக்கெட் எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கு 2,500 டொலர் என்று கையைச் சுருக்கித்தான் போடுகிறேன். மொத்தம் 45,000 டொலர். நம் காசில் ஒரு கோடியே 35 இலட்சம்.

கொழுந்துச் சம்பளத்தை 2024இல் நிர்ணயித்தபடி நாளுக்கு 1,350 ரூபாய் என்று வைத்து, மாதம் 25 நாள் முழுச் சம்பளத்துக்குப் பெயர் விழுந்தாலும் ஆண்டுக்கு நாலு இலட்சத்துச் சொச்சம்தான் வரும். நீங்கள் கடை நடத்துகிறீர்கள், உங்கள் நிலை அதைவிட மேல் என்பது தெரியும். ஆனால் உங்கள் கடையில் சாமான் வாங்குகிறவர்களுக்கு வருவது அந்த மாதிரிச் சம்பளம்தான்.

டொலர் 300இல் நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2022 மே மாதம் அது 360ஐத் தொட்டது. அந்த நாட்களில் கொட்டகலையிலிருந்து ஒரு தகப்பன் வந்து, நீங்கள் இருந்த அதே நாற்காலியில் இருந்தார். மகன் மூன்றாம் ஆண்டு. ஜனவரியில் 10 இலட்சமாக இருந்த கட்டணம் சில மாதங்களில் 18 இலட்சம் ஆகிவிட்டது. முச்சக்கர வண்டியை விற்று ரூபாயைச் சேர்த்துக்கொண்டு போனால், வங்கியில் டொலர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பாதியில் நிறுத்தினால் கட்டியது எல்லாம் ஆற்றில் போட்டது மாதிரி. தொடர்ந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. மகன் படித்து முடித்துவிட்டான் என்று கேள்வி. வீட்டிலிருந்த நகை ஒன்றும் மிஞ்சவில்லை என்றும் கேள்வி.

இனி இதைவிட முக்கியமானதுக்கு வருகிறேன். "எந்த நாடு நல்லது சேர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அந்தக் கேள்வியை அந்தப் பக்கத்திலிருந்து கேட்கக் கூடாது. நம் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும்: இந்தப் பிள்ளை இந்தப் பட்டத்தோடு திரும்பி வந்து நுவரெலியா வைத்தியசாலையிலோ டிக்கோயா வைத்தியசாலையிலோ வேலை செய்ய முடியுமா? அதைத் தீர்மானிப்பது முகவர் நிலையமும் இல்லை, தூதரகமும் இல்லை. கொழும்பு நொரிஸ் கெனல் வீதியில் இருக்கும் இலங்கை மருத்துவ சபை. அவர்கள் அங்கீகரித்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லையென்றால், அங்கே தங்கப் பதக்கம் எடுத்தாலும் இங்கே ஒரு பனடோல் எழுதிக் கொடுக்க உரிமை இல்லை. முகவர் உங்களிடம் உலக மருத்துவப் பள்ளிகள் அடைவு என்ற இணையப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று கைத்தொலைபேசியில் காட்டினார் என்றீர்கள். அது வேறு, இது வேறு. அந்த அடைவில் இருப்பதால் மட்டும் நம் சபை ஏற்றுக்கொண்டதாக ஆகாது.

பட்டியலில் பெயர் இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு போக முடியாது. என் அக்கா மகன் கதையை உங்களுக்குச் சொல்லவில்லை. அவன் போன பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருந்தது. ஆனால் அவனைச் சேர்த்தது அதே பெயரில் வேறொரு நகரத்தில் நடந்த கிளை வளாகத்தில். அனுமதிக் கடிதத்தின் தலைப்பில் இருந்த ஊர்ப் பெயரை நாங்கள் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. ஆலோசனை சொல்லிப் பிழைக்கும் நானே பார்க்கவில்லை. மூன்றாம் ஆண்டில்தான் விஷயம் வெளிப்பட்டது. இன்று அவன் கண்டியில் ஒரு மருந்துக் கம்பனிக்கு விற்பனைப் பிரதிநிதி. டாக்டர்களின் அறைக்கு வெளியே பையோடு காத்திருக்கிறான். என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவான், அது அவனுடைய பெருந்தன்மை. அதற்குப் பிறகு அனுமதிக் கடிதத்தை வரி வரியாக வாசிக்காமல் நான் யாருக்கும் சரி சொன்னதில்லை.

ஆகவே எந்த வளாகம், எந்தப் பட்டம், எத்தனை ஆண்டு என்று எழுதி மருத்துவ சபையிடம் எழுத்தில் பதில் கேளுங்கள். வாய் வார்த்தை வேண்டாம். பிள்ளையின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றையும் இணைத்து அனுப்புங்கள். 2018இல் வந்த வர்த்தமானிப்படி வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிறவருக்கும் உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதி உண்டு. உங்கள் மகளுக்கு உயிரியலிலும் இரசாயனவியலிலும் சி (திறமைச் சித்தி), பௌதிகவியலில் எஸ் (சாதாரண சித்தி), ஒரே அமர்வில். என் கணக்குப்படி அவள் வரம்புக்குள் இருக்கிறாள். ஆனாலும் என் கணக்கை நம்பிக் காசு கட்ட வேண்டாம். சபையின் பதில் கையில் இருக்கட்டும்.

பட்டத்தோடு வந்தவுடன் வேலை என்றும் நினைக்க வேண்டாம். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராகப் பதிவு பெற ஈ.ஆர்.பி.எம். என்ற பரீட்சை இருக்கிறது, பழையவர்கள் ஆக்ட் 16 என்பார்கள். எழுத்துப் பரீட்சையும் உண்டு, நோயாளியைப் பரிசோதித்துக் காட்டும் பரீட்சையும் உண்டு. எல்லாரும் முதல் தடவையே சித்தியடைவதில்லை. சித்தியடைந்த பிறகு வைத்தியசாலையில் செய்யும் உள்ளகப் பயிற்சிக்கு வரிசையில் நிற்க வேண்டும், பயிற்சி ஓர் ஆண்டு. எனவே பிரசுரத்தில் இருக்கும் ஆறை எட்டு, ஒன்பது என்று திருத்தி வாசியுங்கள். வங்கியோ, கடன் வாங்கிய முதல் ஆண்டுகளிலேயே தவணை கேட்கத் தொடங்கிவிடும். அந்த இடைவெளியை யார் நிரப்புவது என்பதை நீங்களும் அவரும் பேசிக்கொள்ள வேண்டும். மகன் கொழும்பில் துணிக்கடையில் இருக்கிறான் என்றீர்கள். அவன் கல்யாணமும் அந்த இடைவெளிக்குள்தான் வரும்.

மொழியைப் பற்றி முகவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். பாடம் ஆங்கிலத்தில் என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் மூன்றாம், நாலாம் ஆண்டில் வார்டுக்குள் போகும்போது கட்டிலில் கிடக்கும் பாட்டி ஆங்கிலத்திலா வயிற்றுவலி சொல்லுவாள்? ரஷ்யாவில் ரஷ்ய மொழி, சீனாவில் சீனம், பங்களாதேஷில் வங்காளம். அந்த மொழி வராத பிள்ளைகள் பேராசிரியரின் முதுகுக்குப் பின்னால் நின்று தலையாட்டிவிட்டு வருகிறார்கள். நம் பிள்ளையோ தமிழ் மொழிமூலம் படித்தவள். ஆங்கிலமே அவளுக்கு முதல் மலை. போவதாக முடிவானால் போவதற்கு முன் ஆறு மாதம் ஆங்கிலத்துக்கும், கூடவே சிங்களத்துக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். உள்ளகப் பயிற்சி எந்த ஊரில் கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

2020இல் சீனா எல்லையை மூடியபோது வீடு வந்திருந்த மருத்துவ மாணவர்கள் இரண்டு ஆண்டுக்கும் மேலாகத் திரும்பிப் போக முடியவில்லை. 2022 பெப்ரவரியில் உக்ரைனில் படித்தவர்கள் பாதியில் ஓடி வந்தார்கள். இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற நேர்ந்தால் என்ன நடக்கும், கட்டிய காசில் எது திரும்பும் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

உள்நாட்டில் காசு கட்டிப் படிக்க வழி இல்லையா என்று நீங்கள் கேட்டதற்கு ஒரு வரி: மாலபேயில் இருந்த தனியார் மருத்துவக் கல்லூரியைச் சுற்றி நடந்த போராட்டங்களுக்குப் பிறகு 2017இல் அதை மூட அரசு முடிவெடுத்தது, மாணவர்களைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றினார்கள். உங்கள் கையிலிருக்கும் காசுக்கு இங்கே அப்படி ஒரு கதவை என்னால் காட்ட முடியாது.

செலவு குறைந்த வழி என்றால், பங்களாதேஷ் அரச மருத்துவக் கல்லூரிகளில் சார்க் அமைப்பிலுள்ள தெற்காசிய நாட்டு மாணவர்களுக்கென்று இட ஒதுக்கீடு இருக்கிறது. இடம் சொற்பம், போட்டி கடுமை. ஆனால் தூதரகத்தில் விசாரிக்க பஸ் செலவு மட்டும்தான். இந்தியாவுக்குப் போவதென்றால் நீட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இந்திய அரசின் புலமைப்பரிசில் இருக்கிறதே என்று உங்கள் தோட்டத்துத் தலைவர் சொன்னாராம். இங்கே கொடுக்கும் நேரு, ஆசாத் புலமைப்பரிசில்களில் மருத்துவம் சேராது. அவருக்கு யாராவது சொல்ல வேண்டும், பல பிள்ளைகளிடம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் விட்டது. நீங்கள் வெளியே போய்த் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது மகள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "சேர், இரத்தம் பரிசோதிக்கிற ஆய்வுகூட வேலைக்கு எங்கே படிக்க வேண்டும்?" போன வருடம் அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தபோது ஆய்வுகூடத்து ஜன்னலில் நின்று பார்த்தாளாம். நுணுக்குக்காட்டியில் குனிந்திருந்த பெண் நிமிராமலே இருபது பேருடைய குழாய்களை முடித்துவிட்டாளாம். அதைச் சொல்லும்போதுதான் அந்தப் பிள்ளை முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தது. டாக்டர் என்ற சொல்லை அந்த ஒரு மணித்தியாலத்தில் அவள் ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை. எண்ணிப் பார்த்தேன், நீங்கள் பதினாலு தடவை.

உங்கள் ஆசையில் பிழை சொல்ல மாட்டேன். லயத்தில் பிறந்து, தோட்ட மருந்தகத்தில் ஒரே போத்தல் சிவப்புத் தண்ணீர் மருந்தை எல்லா வருத்தத்துக்கும் வாங்கிக் குடித்த தலைமுறை நாம். நம் வீட்டிலிருந்து ஒரு டாக்டர் வர வேண்டும் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. அதனால்தான் அக்கா மகனை அனுப்பினேன்.

ஆய்வுகூட விஞ்ஞானம் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் பட்டப்படிப்பாக இருக்கிறது, அரச பல்கலைக்கழகம், கட்டணம் இல்லை. அதே பீடங்களில் மருந்தகவியல், தாதியியல். பேராதனையில் இயன்மருத்துவமும் கதிரியக்கப் படப்பிடிப்பும் உண்டு. சித்த மருத்துவம் வேண்டுமென்றால் யாழ்ப்பாணமும் திருகோணமலை வளாகமும். நுவரெலியா மாவட்டம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. மாவட்ட அடிப்படையில் கொடுக்கும் 55 வீதப் பல்கலைக்கழக இடம் போக, அந்த மாவட்டங்களுக்கென்று இன்னும் 5 வீத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தச் சலுகையை விண்ணப்பமே அனுப்பாமல் இழக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் என்னிடம் வருகிறார்கள், காலம் கடந்த பிறகு.

மூன்றாவது தடவை உயர்தரம் எழுதவும் அவளுக்கு உரிமை இருக்கிறது. ஒளிக்காமல் சொல்கிறேன், சி, சி, எஸ் என்ற இடத்திலிருந்து மருத்துவ பீடத்தின் வெட்டுப்புள்ளிக்கு நம் மாவட்டத்திலும் தூரம் அதிகம். பௌதிகவியலைத் தூக்கி நிறுத்தினால் மற்றப் பீடங்களின் வெட்டுப்புள்ளி எட்டும் தூரத்துக்கு வரும். அவளிடம் கேட்காமல் அதையும் முடிவு செய்ய வேண்டாம்.

முகவர் 15ஆம் திகதிக்குள் மூன்றரை இலட்சம் முற்பணம் என்று நெருக்குகிறார் அல்லவா? நாளை அழைத்தால், "மருத்துவ சபையின் கடிதம் வந்த பிறகு கட்டுகிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள். நல்ல முகவர் என்றால் காத்திருப்பார், அந்தக் கடிதம் எடுக்க உதவியும் செய்வார். இடம் போய்விடும் என்று கத்தினால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். அவருக்குக் கமிஷன் போய்விடும் என்ற கவலை.

அடுத்த ஞாயிறு வரும்போது பெறுபேற்றுப் பத்திரத்தையும், பல்கலைக்கழக அனுமதிக் கைநூலையும் கொண்டு வாருங்கள். கைநூல் ஹட்டனில் கிடைக்காவிட்டால் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, ஓரம் கிழிந்தது. உறுதியைக் கொண்டு வர வேண்டாம். மழையில் பஸ் ஏறி இறங்கும்போது அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் தண்ணீர் போயிருந்ததைப் பார்த்தேன். எடுத்து நிழலில் காயவைத்து விடுங்கள்.