அயர்லாந்து ஒன்றிணைந்தால் பொருளாதார ரீதியாக லாபமா, நஷ்டமா?

வடக்கு அயர்லாந்தின் வரவுக்கு மிஞ்சிய செலவை ஈடுகட்ட லண்டன் வருடத்துக்குச் சுமார் 1,000 கோடி பவுண்டு கொடுக்கிறதே, இணைந்தால் அதை டப்ளின் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். (வடக்கு பிரிட்டனின் பகுதி; தெற்கு, டப்ளினைத் தலைநகராகக் கொண்ட தனி நாடு.) ஊரை நேரில் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் மூன்று வருடம் தெற்கே டன்டாக்கில் இருந்துவிட்டு, இப்போது வடக்கே நியூரியில் வேலை பார்க்கும் நர்ஸ். நடுவே இருபது கிலோமீட்டர்தான்.

டன்டாக்கில் ஒரு டிசம்பரில் ஒன்பது வயது மகளுக்குக் காதுவலி. டாக்டருக்கு 60 யூரோ, மருந்து தனி. மாசக் கடைசி. பர்ஸில் இருந்த நோட்டுகளை அந்த மேசை மேலேயே எண்ணினேன். நியூரியில் அதே காதுவலி வந்தபோது டாக்டருக்கும் காசு வாங்கவில்லை, மருந்துக்கும் வாங்கவில்லை. இணைந்தால் இது போய்விடுமோ என்றுதான் இங்கே பலர் பயப்படுகிறார்கள்.

ஆனால் இலவசம் என்றால் உடனே கிடைக்கும் என்று அர்த்தமில்லை. கணவரின் முழங்கால் ஆபரேஷனுக்குப் பெயர் பதிந்து மூன்று வருடம் ஓடிவிட்டது. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாகத்தான் மாடிப்படி இறங்குவார். கடைசியில் மதுரைக்குப் போய்ச் செய்துகொண்டார். ஆக அந்த 1,000 கோடி வந்தும் இந்த நிலைமைதான்.

சரி, கணக்குக்கு வருகிறேன். 2024-ல் ஃபிட்ஸ்ஜெரால்டு, மார்கன்ராத் என்ற இரு பொருளாதார நிபுணர்கள், இணைப்புக்கு வருடம் 800 முதல் 2,000 கோடி யூரோ வரை, இருபது வருடம் ஆகும் என்றார்கள். வடக்கின் அரசுச் சம்பளத்தையும் உதவித்தொகையையும் தெற்கின் அளவுக்கு உயர்த்தினால்தான் அந்தப் பெரிய எண் வரும். பேராசிரியர் ஜான் டாயில் போன்றவர்கள் இதை ஏற்பதில்லை. லண்டனுக்குச் சந்தா கட்டியவர்களின் பென்ஷனை லண்டன்தானே தரவேண்டும், பிரிட்டனின் ராணுவச் செலவிலும் கடன் வட்டியிலும் வடக்கின் பங்கு என்று அந்த 1,000 கோடியில் எழுதியதை டப்ளின் ஏன் சுமக்கவேண்டும் என்கிறார்கள். எனக்கு இந்த வாதம் நியாயமாகப் படுகிறது. ஆனால் தெற்கின் கம்பெனி வரியில் பாதிக்கு மேல் பத்தே கம்பெனிகள் கட்டுகின்றன. அவற்றில் இரண்டு கிளம்பினால் என்ன ஆகும் என்று ஆதரிப்பவர்கள் வாய் திறப்பதில்லை.

நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. வந்தேறிக்கு இதில் என்ன பேச்சு என்று யாரும் கமெண்ட் போடவேண்டாம். இரண்டு பக்கமும் வரி கட்டியிருக்கிறேன். 2019 டிசம்பரில் வடக்கின் நர்ஸுகள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தபோது, குளிரில் நானும் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. எல்லையில் கேட் இல்லை, செக்போஸ்ட் இல்லை. ஆனால் பிரிட்டன் விசாவில் வடக்கே இருக்கும் இந்தியருக்குத் தெற்கே கால் வைக்கத் தனி விசா வேண்டும். என் வார்டில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் அப்பா ஊரில் இறந்துபோனார். டப்ளின் விமான நிலையம் காரில் ஒரு மணி நேரம்தான். விசா இல்லாததால் பெல்ஃபாஸ்ட் போய், லண்டனில் மாறிப் போனாள். அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.