இராசாவும் ஹார்ட்டும்: சீட்டுக்கட்டு நிகழ்தகவில் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "மகள் தரம் 11. எங்கள் வீட்டில் சீட்டு விளையாடும் வழக்கம் இல்லை. 'எடுக்கும் சீட்டு இராசா அல்லது ஹார்ட்டாக இருத்தல்' என்பதற்கு 17/52 என்று எழுதினாள். விடை 4/13 என்றிருக்கிறது. 'திரும்ப வைக்காமல் எடுக்கும் இரண்டு சீட்டும் இராசாவாக இருத்தல்' என்பதற்கு 1/169 என்றாள், விடை 1/221. என் தம்பி 304 என்ற சீட்டாட்டம் ஆடுபவன். 'இந்தக் கணக்கெல்லாம் ஆட்டத்துக்கு உதவாது' என்று சிரிக்கிறான். என்ன செய்யலாம்?"

முதலில் ஒரு சீட்டுக்கட்டை வாங்கிக் கொடுங்கள். பணம் வைத்து ஆடினால்தான் சூது. கட்டு வீட்டுக்குள் வரவே கூடாது என்றால், பழைய கொப்பி அட்டைகளை வெட்டி மகளே 52 சீட்டு எழுதிக்கொள்ளட்டும். உண்மையில் அதுதான் இன்னும் நல்லது. ஹார்ட்டும் டைமனும் சிவப்பு, இஸ்பேட்டும் கிளாவரும் கறுப்பு. ஒவ்வோர் இனத்திலும் 13 சீட்டுகள். இராசா, இராணி, ஜாக்கி ஆகிய படச்சீட்டுகள் மொத்தம் 12. தன் கையால் எழுதியவளுக்கு இது மறக்காது. கணக்குத் தெரிந்தும் கட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் புள்ளி இழக்கும் பிள்ளைகள் நிறையப் பேர்.

இனி அந்த 17/52. இராசா 4, ஹார்ட் 13, கூட்டினால் 17. மேசையில் சீட்டுகளைப் பரப்பி, நாலு இராசாவையும் ஒரு பக்கம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பிறகு ஹார்ட் பதின்மூன்றையும் எடுக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டோடு நின்றுவிடுவாள், ஹார்ட் இராசா ஏற்கனவே மற்றப் பக்கம் போய்விட்டது. அந்த ஒரு சீட்டை இரண்டு தரம் எண்ணியதுதான் பிழை. 4 + 13 − 1 = 16; 16/52 என்பதே 4/13. 'இராசா அல்லது இராணி' என்று கேட்டிருந்தால் எதையும் கழிக்கத் தேவையில்லை, ஒரே சீட்டு இரண்டுமாக இருக்க முடியாது. பாடத்தில் இவற்றைத்தான் தம்முள் புறநீங்கும் நிகழ்ச்சிகள் என்கிறார்கள்.

இரண்டாவது கணக்கில் மகள் எழுதியது வேறொரு கேள்விக்குச் சரியான விடை. முதற் சீட்டைத் திரும்ப வைத்துக் கலைத்துவிட்டு அடுத்ததை எடுத்தால் 4/52 × 4/52 = 1/169. திரும்ப வைக்காவிட்டால், முதல் இராசா போனபின் கட்டில் 51 சீட்டுகள், அவற்றில் 3 இராசா: 4/52 × 3/51 = 1/221. மர வரிப்படம் வரையும்போது இரண்டாவது கிளைகளில் பின்னம் எழுதுவதற்கு முன் 'இப்போது மொத்தம் எத்தனை?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது போதும். பையிலிருந்து மாபிள் எடுக்கும் கணக்கிலும் இதே கேள்விதான்.

தம்பியின் பேச்சை நான் ஏற்கமாட்டேன். 304 ஆட 2 முதல் 6 வரையான சீட்டுகளை நீக்கி 32 சீட்டுகள் வைத்துக்கொள்வார்கள். ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. நால்வருக்கும் முதலில் நாலு நாலு சீட்டு, கேள்வி (எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கேட்பது) முடிந்து துரும்பு (மற்ற இனங்களை வெட்டும் இனம்) வைத்தபின் மேலும் நாலு நாலு.

தம்பியின் முதல் நாலில் ஹார்ட் ஆசு, பத்து, இராசா இருக்கின்றன. ஜாக்கியும் ஒன்பதும் இல்லை என்று வைப்போம். ஹார்ட்டைத் துரும்பாக்கினால், அடுத்த நாலில் அவற்றில் ஒன்றாவது வருமா? அவர் காணாத சீட்டுகள் 28. ஜாக்கி வரும் நிகழ்தகவு 4/28, அதாவது 1/7. ஒன்பதுக்கும் 1/7. இரண்டையும் கூட்டி 2/7, அதாவது 18/63 என்று சொன்னால், மருமகள் செய்த அதே பிழையை மாமாவும் செய்கிறார். இரண்டும் சேர்ந்தே வரும் நிகழ்தகவான 4/28 × 3/27 = 1/63ஐக் கழிக்க வேண்டும். சரியான விடை 17/63, ஏறக்குறைய நாலில் ஒன்று.

எட்டுச் சீட்டும் கைக்கு வந்தபின் ஜாக்கி இன்னும் காணவில்லை என்றால், காணாத 24இல் கூட்டாளியிடம் 8. ஆகவே அவரிடம் அது இருக்கும் நிகழ்தகவு 1/3. ஆனால் அதே கூட்டாளி துணிந்து பெரிய கேள்வி கேட்டிருந்தால் 1/3ஐப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. நல்ல சீட்டில்லாமல் யாரும் அப்படிக் கேட்பதில்லை. புதிய தகவல் வந்தால் நிகழ்தகவும் மாறும். அனுபவசாலி ஆட்டக்காரர் இதை மனத்தாலேயே செய்கிறார், பின்னமாக எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

மகளும் மாமாவும் சீட்டைப் பகிர்ந்து பரிசோதித்தும் பார்க்கலாம். ஆனால் பத்திருபது தரம் பகிர்ந்துவிட்டு, "உன் கணக்குப் பிழை" என்று மாமா சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவையுங்கள். 17/63க்கும் 18/63க்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு குறைந்த ஆட்டங்களில் தெரியாது; ஆயிரக்கணக்கில் ஆட வேண்டும், அதற்குள் பரீட்சை வந்துவிடும்.